செபஸ்தியார் அன்பியத்தின் சராசரி

பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவ ஆள் எடுத்தபோது தோட்டக்கூலி இருதயத்தை விட்டுவிட்டார்கள். சந்தியாகுபட்டிக் கோவிலில் வருடாவருடம் நடப்பதுதான் இந்தப் பாதம் கழுவுதல். ஆண்டவர் தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பங்குச்சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் முன்கூட்டியே வீட்டில் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, குதிகாலில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். சாமியார் கையில் அழுக்குப் பட்டுவிடக் கூடாது என்பது ஊர் ஏற்பாடு. இருதயத்தின் வலது காலில் புண் இருந்தது. "இந்த வருசம் நீ வேணாம்ப்பா. போட்டோ எடுப்பாக," என்று சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சொல்லிவிட்டார். இருதயமும் சரியென்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சுத்தமான கால்களைச் சுத்தம் செய்வதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்தப் புண்ணின் கதை சின்னது. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது, பந்தலிலிருந்து அறுந்து கிடந்த கம்பித் துண்டு ஒன்று செருப்பைத் துளைத்துக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது. இருதயம் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். வலிக்கவில்லை. வலித்திருந்தால் எப்போதோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். வலிக்காத புண்ணை யார் மதிக்கிறார்கள்? மனைவி ஜெசிந்தா மஞ்சள் வைத்துக் கட்டினாள், வேப்பிலை அரைத்துக் கட்டினாள். புண் ஆறாமல் அகலமாகி, ஓரம் கறுத்தது. சின்னமனூர் மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது சுகர்ப் புண்ணு மாதிரி இருக்கு. களிம்புக்கெல்லாம் ஆறாது. டாக்டர்கிட்டக் காட்டிருங்க, விட்டா விரலே போயிரும்," என்றார்.

இருதயம் பயந்து போய் மறுநாளே வேலையை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த நர்சம்மா புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"சந்தியாகுபட்டியா? அப்ப ஒங்களுக்கு என்ன கவலை? ஒங்க கோயில்லயே எல்லாம் பாக்கப் போறாகளாம். தேனியில இருந்து சுகர் டாக்டரே வாராகளாம். இங்க டாக்டரம்மா லீவு. அங்கன காட்டிக்கங்க."

"எப்பம்மா வாராக?"

"ஈஸ்டர் கழிச்சு."

இருதயம் காத்திருப்பதில் கெட்டிக்காரர். கத்தோலிக்கராகப் பிறந்தவருக்கு அது தானாக வந்துவிடும். திருவருகைக் காலம், தவக்காலம் என்று வருடத்தில் பாதி காத்திருப்பதிலேயே போய்விடுகிறது. அதோடு இதுவும் போகட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இனி அந்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லுடல் இயக்கம் என்று ஓர் அமைப்பு. அதன் இயக்குநர் சகாய பிரவீன் போன வருடம் அமெரிக்காவுக்குப் போய்வந்தார். அங்கே டெக்சாஸ் பக்கம், மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய சனங்களின் கோவில்களில், பூசை முடிந்ததும் அதே கூடத்தில் சர்க்கரை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், கண்ணையும் காலையும் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றால் ஒதுங்குகிற சனம் கோவில் என்றால் வந்துவிடுகிறது. நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சகாய பிரவீன் அந்த யோசனையைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வரும் வழியில் எங்கோ சர்க்கரை பார்ப்பது மட்டும் தவறி விழுந்துவிட்டது போலிருக்கிறது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் கோவிலுக்குள் திரை கட்டிப் படம் போட்டார்கள். அதில் டெக்சாஸ் கோவில் ஒன்றில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, ஒரு கிழவரின் காலைத் தன் மடியில் வைத்து, விரல் விரலாக விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருதயம் ஜெசிந்தாவின் தோளைத் தொட்டார்.

"பாத்தியா, எப்பிடிப் பாக்குறாகன்னு."

"பாத்தேன். நமக்கும் அப்பிடிப் பாப்பாகளா?"

அதற்குள் அந்தப் பெண்ணும் கிழவரும் மறைந்து, சகாய பிரவீன் அங்கே யார் யாருக்கோ கை கொடுக்கிற காட்சி வந்துவிட்டது. அது நெடுநேரம் ஓடியது. பிறகு ஒருங்கிணைப்பாளர் மெர்லின், சுறுசுறுப்பான பெண், எல்லாருக்கும் ஒரு துண்டறிக்கை கொடுத்தாள். அமெரிக்காவில் அச்சடித்ததை அப்படியே தமிழில் ஆக்கியிருந்தார்கள். 'டார்ட்டியா உண்பதைக் குறைப்போம்' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உபதேசியார் அதை வாசகம் மாதிரி ராகம் போட்டு வாசித்தார்.

"அது என்னாம்மா அது?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"மெக்சிகோ ரொட்டிங்கம்மா. அதை நீங்க குறைக்கணும்."

"நாங்க அத கண்ணுல கண்டதே இல்லையே."

மெர்லின் இதை மிகுந்த மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டாள். சந்தியாகுபட்டியில் முதல் வாரத்திலேயே அத்தனை பேரும் டார்ட்டியாவை அடியோடு கைவிட்டார்கள் என்று இயக்கத்தின் செய்திமடலில் பிறகு வந்தது.

முகாம் தொடக்க விழா அதற்கடுத்த ஞாயிறு. காலை பத்து மணியிலிருந்து டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பார் என்று நோட்டீசில் இருந்ததால் இருதயம் ஒன்பதுக்கே போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் அபிதா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். சின்ன வயசு, சோர்ந்த முகம், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். வந்தவரைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். அதன் பிறகு அவரை யாரும் இறங்க விடவில்லை.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிள்ளைகள் கணையமும் இன்சுலினும் வேடம் போட்டு வரவேற்பு நடனம் ஆடினார்கள். டாக்டருக்கு ஏலக்காய் மாலை போட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பங்குச்சாமியாருக்கு இது போக மூன்று கிளைக் கோவில்களில் பூசை இருந்ததால், "எல்லாரும் ஒத்துழைங்க," என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அன்றைக்கு மேடையில் பேசியவர்களில் அவர் ஒருவருக்காகத்தான் இருதயம் மனதாரக் கை தட்டினார்.

பிறகு சகாய பிரவீன் எழுந்தார்.

"அன்பார்ந்தவர்களே, இன்று பலரும் கேட்கிறார்கள், நீங்கள் எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள் என்று. அது பழைய கேள்வி. நாங்கள் நோயாளியைப் பார்ப்பதில்லை. சமூகத்தைப் பார்க்கிறோம். ஒரு நோயாளியைக் குணமாக்கினால் ஒருவர்தான் குணமாவார். ஒரு சமூகத்தை ஊக்கப்படுத்தினால், அங்கே யாரும் தன்னை நோயாளி என்றே சொல்ல மாட்டார்!"

கைதட்டல் பலமாக இருந்தது. மேடையிலிருந்த டாக்டர் அபிதாவின் பார்வை அப்போது இருதயத்தின் காலில் விழுந்தது. கட்டுத்துணியின் ஓரம் ஈரமாக இருந்ததை அவர் பார்த்துவிட்டார். நன்றியுரை முடிந்ததும் வேகமாக எழுந்து, "ஐயா, அங்கேயே இருங்க, நான் வர்றேன்," என்று கையைக் காட்டினார். மேடையின் படியில் மெர்லின் மறித்தாள். பெரியகுளத்தில் அடுத்த தொடக்க விழாவுக்கு நேரமாகிவிட்டது, அங்கேயும் டாக்டர்தான் விளக்கேற்ற வேண்டும். டாக்டர் காருக்குள் ஏறும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இருதயம் கும்பிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் நெய் வழியக் கேசரி கொடுத்தார்கள், இருதயமும் வாங்கிச் சாப்பிட்டார்.

இத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் சகாய பிரவீன் போகிற போக்கில் ஒரு போட்டியை அறிவித்துவிட்டுப் போனார்.

ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்களை அன்பியங்களாகப் பிரித்திருப்பார்கள். தெருவுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பேர். சேர்ந்து செபிப்பது, ஒருவருக்கு ஒன்றென்றால் மற்றவர் போய் நிற்பது, இதற்காக ஏற்பட்டவை அவை. நாளடைவில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டி, குடில் போட்டி, வேதாகம வினாடி வினா என்று ஒன்றையொன்று தோற்கடிப்பதே அவற்றின் வேலையாகிவிட்டது. மேலத்தெரு ஆரோக்கிய அன்னை அன்பியத்துக்கும் கீழத்தெரு செபஸ்தியார் அன்பியத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இந்த நிலைமையில், அன்பியத்து ஆள்கள் எல்லாருக்கும் சர்க்கரை பார்த்து, எந்த அன்பியத்தின் சராசரி குறைவோ அதற்குச் சுழற்கேடயம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஓர் ஆள் விடாமல் அத்தனை பேரும் ரத்தம் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் தகுதி நீக்கம் என்பதும் விதி.

செபஸ்தியார் அன்பியத்தின் தலைவர் சேவியர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இருதயத்துக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அவர் அன்று சாயங்காலமே இருதயம் வீட்டுக்கு வந்துவிட்டார். காலைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"ஏப்பா இருதயம், ஒனக்கு சுகர் எவ்வளவு இருக்கும்?"

"பாத்தாத்தான சார் தெரியும். அதுக்குத்தான் டாக்டரம்மா எப்ப வருவாகன்னு..."

"பாக்க வேண்டியதே இல்ல. கால் சொல்லுது. ஒன் ஒருத்தனால நம்ம சராசரி எங்கன போய் நிக்கும் தெரியுமா? போன வருசம் குடில் போட்டியில என்ன ஆச்சு? நம்ம ஒட்டகத்துக்குக் காலு ஒடஞ்சதுல கேடயம் போச்சு. அந்த அவமானத்த நான் இன்னும் மறக்கல."

இருதயத்துக்கு வெட்கமாக இருந்தது. தனக்கு நோய் என்பதைவிட, தன்னால் தெருவுக்கே கெட்ட பேர் என்பது அவரை வாட்டியது.

"இப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். ரத்தம் எடுக்குற அன்னைக்கு வீட்டுக்குள்ள இரு. ஒனக்குப் பதிலா வேற ஆளு. போட்டி முடியட்டும். பரிசளிப்பு விழாவுக்கு அதே டாக்டரம்மா வருவாக. நானே கையப் பிடிச்சுக் கூட்டிப் போயிக் காட்டுறேன். அதுவரைக்கும் தாக்குப் பிடி."

வாத்தியார் சொன்னபின் மூன்றாம் வகுப்புப் பையன் என்ன சொல்ல முடியும்? ஆனால் ஜெசிந்தா மூன்றாம் வகுப்பில் அவரிடம் படிக்கவில்லை. மறுநாள் காலையில் புருசனைக் கிளப்பித் தேனி ஆஸ்பத்திரிக்கென்று பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போனாள். அங்கே டீக்கடை பெஞ்சில் சேவியர் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். தேனியில் போய்ப் பார்த்தால் ஊருக்குள் செய்தி பரவி, மேலத்தெருக்காரர்கள் ஆள்மாறாட்டத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று காலை முதலே காவல்.

"எங்கன கெளம்பீட்டீக ரெண்டு பேரும்?"

"தேனிக்குங்க. ஒரு துட்டி," என்றாள் ஜெசிந்தா.

"யாரு செத்தது?"

ஜெசிந்தா யோசித்தாள். தேனியில் அவர்களுக்குத் தெரிந்தவர்களே ஒருவரும் இல்லை, செத்துப்போவதற்கு. பஸ் வந்தது, நின்றது, போயும் விட்டது. இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ரத்தம் எடுக்கிற நாள் நெருங்க நெருங்க ஊரே ஒரு மாதிரியாகிவிட்டது. தவக்காலத்தில்கூட ஒருசந்தி விரதம் இருக்காதவர்கள் எல்லாம் பாகற்காய்ச் சாறு குடித்தார்கள். மேலத்தெருவில் ஒரு கல்யாண வீட்டில் பாயசத்தையே ரத்து செய்துவிட்டதாகப் பேச்சு. அவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தங்கள் அன்பியத்துச் சர்க்கரைக்காரர்களை எல்லாம் வேன் வைத்து அன்றைக்குப் பார்த்து வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை அனுப்பிவிட்டார்கள். நேர்ச்சை என்று சொல்லிக்கொண்டார்கள். நேர்ச்சையைத் தட்டிக்கேட்க யாரால் முடியும்? போனவர்களுக்குப் பதிலாக ரத்தம் கொடுக்க மலையடிவாரத்திலிருந்து, தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்குகிற ஒல்லியான ஆள்களைப் பிடித்து வந்தார்கள்.

கீழத்தெருவுக்கு வேன் பிடிக்க வசதியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதுதான் திருயாத்திரை. இருதயத்துக்குப் பதிலாளாக வந்தவன் அவரோடு கவாத்து வெட்டுகிற அழகுமலை. கருப்பசாமி கோவில் தெருக்காரன், வற்றல் மாதிரி உடம்பு. கோவிலுக்குள் போனால் சந்தேகம் வரக் கூடாதென்று சேவியர் வாத்தியார் அவனுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். சாமியாரைப் பார்த்தால் 'தோத்திரம் சாமி' சொல்ல வேண்டும். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று சிலுவை போட வேண்டும். அழகுமலை ஒவ்வொரு தடவையும் சிலுவையைப் போட்டுவிட்டு, பழக்க தோசத்தில் கன்னத்திலும் போட்டுக்கொண்டான்.

"கன்னம் வேணாம்ப்பா!"

"கை தன்னால போகுதுங்கய்யா. சாமின்னா போகத்தான செய்யும்?"

அன்றைக்குக் காலையில் இருதயம் சாத்திய கதவுக்குப் பின்னால் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கோவில் மைக்கில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவது வீடுவரை கேட்டது. "செபஸ்தியார் அன்பியம், இருதயம்!" என்று கூப்பிட்டபோது அவர் தன்னை அறியாமல் எழுந்துவிட்டார். ஜெசிந்தா அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "ஒங்களத்தான் கூப்பிடுறாக, ஆனா நீங்க இல்ல," என்றாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மதியம் அழகுமலை வந்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணே, ஒனக்கு ஒண்ணுமே இல்லண்ணே! சுகரு சுத்தமா இல்லயாம். இந்த வயசுல இப்பிடி ஒடம்பான்னு ரத்தம் எடுத்த பொண்ணு அசந்து போச்சு."

ஒரு கணம், நம்பினால் நம்புங்கள், இருதயத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "நெசமாவா?" என்று கேட்டார். மார்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

"ஏங்க, அது அவன் ரத்தம்," என்றாள் ஜெசிந்தா.

"ஆமால்ல," என்றார் இருதயம். பிறகு காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிரவு அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது.

செபஸ்தியார் அன்பியம் ஜெயித்தது. ஜெயித்தால் ஜெயித்ததோடு நிற்குமா? ஊரிலேயே இருதயத்தின் சர்க்கரைதான் அழகாக இருந்ததால், அவரை 'ஆரோக்கிய முன்மாதிரி' என்று அறிவித்து, பரிசளிப்பு விழாவில் பொன்னாடை போர்த்துவதென்று இயக்கம் முடிவு செய்தது. அவர் மேடையேறி, உடம்பை இப்படி வைத்திருப்பது எப்படி என்று சாட்சி சொல்ல வேண்டும். சேவியர் வாத்தியாருக்குப் பெருமை ஒரு பக்கம், உதறல் ஒரு பக்கம். அழகுமலையை அனுப்பவும் வழியில்லை. ரத்தம் எடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள், ஏமாந்தார்கள்; விழா மேடைக்கு முன்னால் உட்காருகிற ஊரே இருதயத்தை அறியும். எனவே தன் மகனுடைய கேன்வாஸ் ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அரை மணி நேரம். சிரிச்ச முகமா ஏறி எறங்கிரு. எறங்குன கையோட டாக்டரம்மாகிட்டக் காட்டிருவோம்."

"காட்டிருவீகள்ல சார்?"

"பரலோக மாதா சத்தியமா."

விழா அன்று ஷூவுக்குள் காலை நுழைப்பதற்கே ஜெசிந்தா பழைய சேலையைக் கிழித்து நாலு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. கால் வீங்கியிருந்தது, உடம்பு கொதித்தது. அப்போதும் வலியில்லை. முதல் விழாவில் உட்கார்ந்த அதே முன்வரிசையில் அவரை உட்காரவைத்தார்கள். சகாய பிரவீன் பேசினார்.

"இந்த ஊருக்கு நாங்கள் வந்தபோது, இங்கே எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. ஆனால் அது குறைந்துவிட்டது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்! இது எப்படி நடந்தது என்று டெக்சாஸிலிருந்து கேட்கிறார்கள். அங்கே அவர்கள் பல வருடமாக ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், மெதுவான முறை. நாம் இங்கே ஒரே மாதத்தில் ஒரு காலைக்கூடத் தொடாமல் சாதித்திருக்கிறோம்!"

மேடையின் ஓரத்தில் டாக்டர் அபிதா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பேச அழைக்கவே இல்லை. விளக்கேற்றியபின் அவருக்கு வேலை கிடையாது.

இருதயத்தின் பேரைச் சொன்னார்கள். அவர் மெல்ல எழுந்து படியேறினார். பொன்னாடை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வாத்தியார் சொல்லிக்கொடுத்த பேச்சு, 'தினமும் அதிகாலையில் எழுந்து நடக்கிறேன்' என்று ஆரம்பிக்கும். இருதயம் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் அபிதா சட்டென்று நிமிர்ந்தார். ஏலக்காய் மாலை வாசனைக்கு மேலே வேறொரு வாடை அவர் மூக்குக்கு எட்டிவிட்டது. மருத்துவம் படித்தவர்களுக்கு அது தெரியும். அவர் இருதயத்தின் ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா, ஷூவைக் கழட்டுங்க."

இருதயம் சேவியர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கீழே நின்று, பேசு பேசு என்று கையை ஆட்டினார். இருதயத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மைக் வாய்க்கு நேரே இருப்பதை மறந்து கேட்டார்:

"டாக்டரம்மா, நான் பேசட்டுமா, கழட்டட்டுமா?"

அது நாலு தெருவுக்கும் கேட்டது.

"கழட்டுங்க," என்று டாக்டரே தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். துணி சுற்றுச் சுற்றாக வந்தது. கடைசிச் சுற்று வரவில்லை, ஒட்டியிருந்தது. அதைத் தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தபோது முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். இரண்டு விரல்கள் கரியாக இருந்தன. ஜெசிந்தா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

சகாய பிரவீன் எதற்கும் தயாரானவர். இன்னொரு மைக்கைக் கையில் எடுத்தார். "பாருங்கள், பாருங்கள்! மேடையிலேயே சேவை! இதைத்தான் நாங்கள் சமூகப் பங்கேற்பு என்கிறோம்," என்றார். சிலர் பழக்கத்தில் கை தட்டினார்கள். போட்டோக்காரர் டாக்டரைக் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பச் சொன்னார்.

"கார எடுங்க," என்றார் டாக்டர் அபிதா.

"மேடம், வண்டியில பெரியகுளத்துக்கான கேடயமெல்லாம் இருக்கு. அங்கயும் நாலு மணிக்கு..." என்று மெர்லின் ஆரம்பித்தாள்.

"அதை எறக்கி ரோட்டுல வையி. வண்டிய எடு!"

டாக்டர் சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. கேடயங்களை இறக்கிக் கோவில் வாசலில் குகை மாதிரி கட்டியிருந்த கெபியில் மாதா சிலையின் காலடியில் அடுக்கிவிட்டு இருதயத்தை ஏற்றினார்கள். ஜெசிந்தாவும் டாக்டரும் அவரோடு பின்னால் ஏறினார்கள். முன் இருக்கையில், சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவர் போல, சேவியர் வாத்தியார் ஏறிக்கொண்டார்.

வண்டி சின்னமனூரைத் தாண்டியது. பிறகு டாக்டர் அபிதா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கே பாத்தேன்யா. ஈரத்தை அன்னைக்கே பாத்தேன். மேடையை விட்டுக் குதிச்சாவது வந்திருக்கணும். என் தப்புதான்."

"நீங்க என்னம்மா செய்வீக. விளக்கேத்தக் கூப்பிட்டாக, போனீக," என்றார் இருதயம். அவருக்கு உண்மையிலேயே யார் மேலும் கோபம் வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

"விரல் ரெண்டையும் எடுக்கணும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா முழங்காலுக்குக் கீழ போயிருக்கும். பாதத்தைக் காப்பாத்திரலாம்னு நெனைக்கிறேன்."

ஜெசிந்தா முன் இருக்கையைப் பார்த்து, "கேட்டீகளா வாத்தியாரய்யா? கேட்டீகளா?" என்றாள். வாத்தியார் திரும்பவில்லை. அவர் கழுத்து வியர்த்திருந்தது. அவருடைய போன் அடித்தது. மறுமுனையில் சகாய பிரவீன். பேசி முடித்ததும் வாத்தியாரின் குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"இருதயம், வருத்தப்படாத. இயக்குநரே பேசுனாக. கேடயம் நமக்குத்தானாம், அதுல மாத்தமில்ல. ஒன் பேரு ஆண்டறிக்கையில ரெண்டு எடத்துல வருதாம். முன்மாதிரின்னு ஒரு எடத்துல. திட்டத்தால உரிய நேரத்துல காப்பாத்தப்பட்டவருன்னு இன்னொரு எடத்துல. யாருக்குக் கெடைக்கும் இந்த மாதிரி?"

இருதயம் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். காய்ச்சலுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் அபிதா கூடவே ஓடிவந்து அங்கிருந்தவர்களிடம் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ், ஜெசிந்தாவின் வயசு இருக்கும், ஊசியும் பஞ்சுமாக வந்து அவர் வலது கையைத் திருப்பி நரம்பைத் தட்டினார்.

இருதயம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. சுகர் பாக்கணும்."

"பயமில்லம்மா." அவர் தயங்கினார். முதலில் வாசல் பக்கம் நின்ற சேவியர் வாத்தியாரையும், பிறகு ஜெசிந்தாவையும் பார்த்தார். "இது யாரு பேருக்கும்மா எடுக்குறீக?"

நர்ஸுக்குக் கேள்வி விளங்கவில்லை. "யார் பேருக்கா? ஒங்களுக்குத்தான்யா. ஒங்க ரத்தம், ஒங்க பேருக்குத்தான்."

"அப்பச் சரி," என்று இருதயம் கையை நீட்டினார். "மெதுவா எடுங்க தாயி. எனக்கு இதுதான் மொத தடவ."